காலண்டரில் சிட்டு

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த சிட்டுவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தார்கள் என்றால், அவளும் மாப்பிள்ளையும் பேசி முடித்துவிட்டுப் பெரியவர்களிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கிளினிக் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனபோது, உள்ளே மாட்டிக்கொண்டவள் அவள். வெளியே இருந்து, "பயப்படாதீங்க, கயிறு அறாது, நான் கேரண்டி" என்று கத்தியவன் அவன். சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். டாக்டர்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருந்தாள். கறாரான மனுஷி. அளவெடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். எதிரில் இருப்பவரைப் பார்க்கும் பார்வையும் அளவெடுக்கிற பார்வைதான். சிட்டுவுக்கு அவளைப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அந்த வீட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தொங்கிய காலண்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

காலண்டரின் மேல்பாதி முழுக்க ஒரு சிறுமி. வாரப்படாத தலை. கையில் காலி அலுமினியத் தட்டு. முன்பல் இரண்டு இல்லை. நீலப் பூப்போட்ட கவுன், தோள்பட்டையில் வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டது. கீழே பெரிய எழுத்தில்: 'இவளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நாளை இவள் சாப்பிடுவாளா? பதில் உங்கள் கையில்.' அதற்கும் கீழே, இலவச உணவுக்கூடங்கள் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தின் முத்திரையும் வங்கிக் கணக்கு எண்ணும்.

அந்தச் சிறுமி சிட்டுதான்.

சந்தேகமே இல்லை. அந்தக் கவுன், அம்மா வேலை பார்த்த சலவைக் கடையில் யாரோ திரும்ப வாங்காமல் விட்டுப்போன ஜன்னல் திரையில் தைத்தது. படம் எடுத்த நாள்கூட மங்கலாக நினைவிருந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு ஆள், "சிரிக்காதே பாப்பா, சிரிக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்னம்மா, அங்கேயே நின்னுட்ட?" என்று அத்தை பின்னால் வந்தாள். பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்தப் புள்ளையா? அது எங்க வீட்டுப் புள்ள மாதிரி ஆகிப்போச்சு" என்றாள். "வருஷா வருஷம் அனுப்புறாங்க. முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ராத்திரி சோறு இறங்கல. அன்னையிலேருந்து மாசாமாசம் போட்டுடுவேன். தையல் இல்லாத மாசம்கூட விட்டதில்ல. தாயில்லாப் புள்ள, பாவம். இப்ப பெருசா வளர்ந்திருக்கும். உசிரோட இருக்கோ என்னவோ."

"இருக்கும் அத்தை" என்றாள் சிட்டு. குரல் யாருடையதோ போலக் கேட்டது.

"உன் வாய் முகூர்த்தம், நல்லா இருக்கட்டும். நம்மளை ஆண்டவன் குடுக்குற பக்கத்துல வச்சிருக்கான். கை நீட்டுற பக்கத்துல வச்சிருந்தா என்ன பண்ணியிருப்போம், சொல்லு?"

சிட்டு தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு அதே நினைப்புதான். மாப்பிள்ளையிடம், "சின்ன வயசுல எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். எல்லார் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதானே அது, அவனும் தலையாட்டிக்கொண்டான். அப்பா வேலை தேடிப் போகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அம்மாவுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போட்ட கூலி வாடகைக்கே சரியாகப் போனது. இரண்டு வருஷம் மத்தியானச் சாப்பாடு தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கியது. இதையெல்லாம் எப்போது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று முழுங்கியிருந்தாள். இப்போது அது அத்தையின் சமையலறைச் சுவரில், வருஷம் முழுக்க, கொட்டை எழுத்தில் தொங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க அவளுடைய அம்மா சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாக வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம் கிளினிக்கில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. டாக்டர் கண்ணாடி கேட்டால் இடுக்கியை நீட்டினாள். வாய் திறந்திருந்த ஒரு பெரியவரின் எச்சில் உறிஞ்சும் குழாயைக் கன்னத்தில் ஒட்ட வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிட்டு, அவர் கன்னத்தை விடு, பாவம், கூடவே வந்துடப் போகுது" என்றார் டாக்டர். நோயாளிகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவர் வீட்டிலும் அந்தக் காலண்டர் இருக்குமோ என்று தோன்றியது. மறுநாளிலிருந்து மாஸ்க்கைக் கழற்றவே இல்லை, டீ குடிக்கும்போதுகூட ஓரமாகத் தூக்கிக்கொண்டு குடித்தாள்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். "சமையலறையில ஒரு காலண்டர் இருக்கே, அதைக் கொஞ்சம் கழட்டி வச்சிடுறீங்களா?"

"ஏன்?"

"இல்ல, பழசா இருக்கு."

"இந்த வருஷத்துக் காலண்டர் எப்படிம்மா பழசாகும்?" என்று சிரித்தான். "அதுல அம்மா பால் கணக்கு எழுதுவாங்க. கையை வச்சா என்னையும் சேர்த்துக் கழட்டிடுவாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்தத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனாள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறை. மாடிப்படியிலேயே உண்டியல் டப்பாக்கள் அடுக்கிக் கிடந்தன. நிதி திரட்டும் பொறுப்பில் இருந்த அதிகாரி, தூக்கம் கெட்ட கண்ணோடு, கவர்களில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியே ஒட்டுகிற அளவுக்குத்தான் அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

சிட்டு மாஸ்க்கைக் கழற்றினாள். "உங்க காலண்டர்ல இருக்குறது நான்தாங்க."

அவர் முதலில் நம்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "நீங்களா! உட்காருங்க, உட்காருங்க! ஐயோ, உங்களை எத்தனை பேர் விசாரிச்சிருக்காங்க தெரியுமா? டீ சொல்லட்டுமா? வேலை பாக்குறீங்களா? பல் டாக்டர்கிட்டயா! ரொம்ப சந்தோஷம்மா! இந்தப் படத்தையும் இப்ப உங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அன்று, இன்றுன்னு ஒரு படம் போட்டா..."

"அதை எடுத்துடச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்க அம்மா உசிரோட இருக்காங்க" என்றாள் சிட்டு. "தாயும் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதினது. எனக்குத் தெரியாது, சத்தியமா. நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுறேன். வேற படம் போட்டுப் பார்த்தோம். சமையல்காரங்க படம், சிரிக்கிற பிள்ளைங்க படம். வசூல் பாதியா விழுந்துடுச்சு. இந்தக் கண்ணுக்குத்தான் ஜனங்க பர்ஸைத் திறக்குறாங்க. அடுத்த வருஷக் காலண்டர் அச்சுக்குப் போகுற நேரம். நிர்வாகக் குழுவைக் கேக்கணும். ஒரு வாரம் டைம் குடுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இப்பவும் வரிசையில பிள்ளைங்க நிக்குறாங்கம்மா" என்றார்.

அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் இல்லை.

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கென்று அம்மா தன் புடவையைத் தானே இரண்டு தடவை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். "உக்காந்தா கசங்கிடும்டி." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

அத்தை வாசலுக்கே வந்து வரவேற்றாள். சிட்டு அம்மாவை முன்னறை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். பேச்சு நன்றாகத்தான் போனது. தையலும் இஸ்திரியும் ஒரே துணியைச் சுற்றுகிற தொழில் என்பதால் இருவருக்கும் பேசித் தீரவில்லை. எந்தத் துணி எந்தச் சூட்டில் கருகும் என்று அம்மா சொல்ல, அத்தை ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிட்டுவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது அத்தை, "இதோ, டீ போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

"நீங்க ஒருத்தரா எதுக்கு? நானும் வர்றேன்" என்று அம்மாவும் எழுந்தாள்.

"நீ உக்காரும்மா, நான் போறேன்" என்று சிட்டு பாய்ந்தாள்.

"அட, எனக்குக் கால் மரத்துப் போச்சுடி" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டாள்.

சிட்டு நின்ற இடத்தில் நின்றாள். மாப்பிள்ளை, "ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்று ஃபேனைக் கூட்டினான். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம், தண்ணீர் சத்தம். பிறகு அம்மாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"ஏய் சிட்டு! இங்க வாடி! உன் படம்டி!"

அவள் போனபோது அம்மா காலண்டருக்கு முன்னால் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "பாருங்க சம்பந்தி, இந்தக் கவுன் நான் தைச்சது. ஜன்னல் திரை! தோள்ல துணி பத்தல, வேற துணி ஒட்டுப் போட்டேன். இவதான், இவளேதான்! அந்தச் சாப்பாட்டுக் கூடத்துல எடுத்திருப்பாங்க. எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க!" பிறகு கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இவளுக்கு... தாயும்... இல்லை..." நிறுத்தினாள். திரும்பவும் படித்தாள்.

"அப்பன் இல்லைன்னு போட்டாங்க, சரி, அது நியாயம்" என்றாள். "என்னை எதுக்குடி சாகடிச்சாங்க?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினான்.

அத்தை அடுப்பை அணைத்தாள். டேப்பின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நான் இத்தனை வருஷம் பொய்க்கா காசு போட்டுக்கிட்டிருந்தேன்?"

"பொய் இல்லையே" என்றாள் அம்மா. அவளுக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை. "சாப்பாடு போட்டாங்களே. இவளும் சாப்பிட்டா, இவ மிச்சம் வச்சதை நானும் சாப்பிட்டேன்."

அத்தை அவளைப் பார்க்கவில்லை. சிட்டுவைத்தான் பார்த்தாள். "நீ போன வாரமே பாத்த. இதே இடத்துல நின்ன. நான் பைத்தியக்காரி மாதிரி, எங்க வீட்டுப் புள்ளைன்னு பேசிக்கிட்டிருந்தேன். இருக்கும் அத்தைன்னு சொன்ன. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

டீ வரவில்லை. கல்யாணத் தேதி குறிக்க வந்தவர்கள் தேதி குறிக்காமலே கிளம்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தது, அம்மா உட்கார்ந்தாள். புடவை கசங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவங்களுக்கு முன்னாடி என்னைப் பத்திச் சொல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சாடி?" என்று மட்டும் கேட்டாள். சிட்டு அழுதாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுக்கு லிஃப்ட் நடுவில் நின்ற மாதிரி இருந்தன, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மாப்பிள்ளை கிளினிக் வாசலுக்கு வந்து பார்த்தான். "எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, புரியுதா? ஆனா அம்மா பேசவே மாட்டேங்குறாங்க. மெஷினை மட்டும் ஓட்டிக்கிட்டே இருக்காங்க. நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வச்சிட்டாங்க." அவனும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

நிதி அதிகாரி சொன்னபடி ஒரு வாரத்தில் போன் செய்தார். "கொஞ்சம் உடனே வர முடியுமாம்மா? இங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. எனக்குச் சமாளிக்க முடியல."

மாடிப்படியில் ஏறும்போதே அந்தக் குரல் கேட்டது. அத்தை. கழுத்தில் டேப்போடு, தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்தது போல, அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"உசிரோட இருக்குற ஒரு பொம்பளையைச் சாகடிச்சு என்கிட்ட காசு வாங்கியிருக்கீங்க! அவ இஸ்திரி போட்டே புள்ளையை ஆளாக்கியிருக்கா. அதைப் போட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா? அம்மா இருந்தா புள்ளைக்குப் பசிக்காதா?"

சிட்டுவைப் பார்த்ததும் அத்தை நிறுத்தினாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"குழுவுல பேசிட்டேன்" என்றார் அதிகாரி சிட்டுவிடம். "எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டு எல்லாருக்கும் லெட்டர் போடுறோம். படத்தை... வாசகத்தை மட்டும் மாத்திட்டு வச்சுக்கலாமான்னு கேக்கச் சொன்னாங்க. உங்க இஷ்டம்தான். நீங்க வேணாம்னா எடுத்துடுவோம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் சிட்டுவின் ஒரு வார்த்தையில் தொங்குவது போல இருந்தது.

"எடுத்துடுங்க" என்றாள். "அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்காதேன்னாங்க. அந்த முகத்தோட நான் எத்தனை வருஷம் இருக்கிறது?"

அதிகாரி தலையசைத்தார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை அவள் பார்த்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அத்தையும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சாப்பாடு சூடா இருக்குமா?"

"முன்னாடி நின்னா சூடா இருக்கும் அத்தை. கடைசியில நின்னா ஆறிப்போயிருக்கும்."

"நீ எங்க நிப்ப?"

"அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அதனால கடைசியிலதான்."

அத்தை டேப்பைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். "குடுக்குற பக்கம், நீட்டுற பக்கம்னு என்னென்னவோ பேசினேன் உன்கிட்ட" என்றாள். "அதுக்கப்புறம் நீ எப்படிச் சொல்லுவ? உங்க அம்மாவை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. டீ பாக்கி இருக்கு."

கல்யாணம் அந்த மழைக்காலம் முடிந்ததும் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அம்மா எல்லாருடைய துணிக்கும் இஸ்திரி போட்டாள், மாப்பிள்ளையின் கைக்குட்டை உட்பட.

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. வசூல் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் படித்துவிட்டு நிறைய பேர் நிறுத்திவிட்டார்கள். ஒரு கூடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அடுப்பு மூட்டுவதில்லை. "உங்க மேல தப்பில்லம்மா. சும்மா சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

சிட்டுவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவளை அத்தை உலுக்கிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"சும்மா யாராவது போன் பண்ணுவாங்களா? நாளைக்கு லீவு போடு. நான் தைச்சுக் குடுக்குற வீடுங்க இந்தப் பக்கம் தெரு தெருவா இருக்கு. கேப்போம்."

"வீடு வீடாப் போயா அத்தை? என்னன்னு கேக்குறது?"

"அதை உன்னைத்தான் கேக்கணும். என் மருமக சாப்பிட்ட இடம்னு நான் சொல்லலாமா? நீ வேணாம்னா சொல்லல. பொதுவா கேட்டுக்கலாம்."

சிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டாள். காலையில் செருப்பை மாட்டும்போது, "நானே சொல்றேன்" என்றாள்.

முதல் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. அவள் ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள், "அப்புறம் பாக்கலாம்" என்று சாத்திக்கொண்டது. காது மடல் சுட்டது. திரும்பிவிடலாம் என்று அத்தையைப் பார்த்தாள். அத்தை அடுத்த வாசலின் மணியை அடித்துவிட்டிருந்தாள்.

கதவைத் திறந்தவள் அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டே, "யூனிஃபார்ம் முடிஞ்சிடுச்சா அக்கா?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"இன்னும் இல்ல. இது என் மருமக. உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

படத்தில் இருந்த பார்வை எப்படி இருக்கும் என்று சிட்டுவுக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்துக்கொண்டால் வேலை சுலபம் என்பதும் தெரியும். மாஸ்க் இல்லாத தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சும்மா வைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல ரெண்டு வருஷம், நானும் எங்க அம்மாவும் ஒரு இலவச சாப்பாட்டுக் கூடத்துல சாப்பிட்டோம்" என்றாள். "அது இப்ப வாரத்துல ரெண்டு நாள் மூடிக் கிடக்கு. அதைத் திறக்கத்தான் உதவி கேட்டு வந்திருக்கேன்."

அந்தப் பெண் அவளையும் அத்தையையும் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள். "எந்தக் கூடம்? விவரமாச் சொல்லுங்க."